காட்சி யாருடைய சொத்து? மூணாற்றுத் தேயிலை மலைகளும் சுற்றுலாச் சந்தையும்

தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டுவிட்டால் முப்பது அடிக்கும் மேலாக வளர்ந்து நிற்கும். மூணாற்று மலைச்சரிவுகளில் அது இடுப்பளவு உயரத்தில், ஒரே மட்டமாக, மலையின் வளைவுக்கேற்ப வளைந்து கிடப்பதற்கு மண்ணும் மழையும் மட்டுமே காரணமல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டும் கத்தியும், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து கொழுந்து கிள்ளும் பெண்களின் விரல்களுமே அந்த மட்டத்தைக் காத்துவருகின்றன. செடிகளுக்கிடையே கோடு கிழித்தாற்போல் தெரியும் இடைவெளிகள்கூட, கூடை சுமந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள்தான். இந்த உழைப்பு சில ஆண்டுகள் நின்றுபோனால் பச்சைக் கம்பளம் கலைந்துவிடும். ஐயமிருப்பவர்கள் அதே இடுக்கி மாவட்டத்தின் பீருமேட்டை நினைத்துப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அங்கே மூடப்பட்ட தோட்டங்களில் தேயிலை மீண்டும் மரமாகி, புதர் மண்டியது.

ஆகவே, மூணாற்றுக்கு வரும் பயணி கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு போவது வெறும் இயற்கையை அன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மனித உழைப்பை அவர் படம்பிடித்துச் செல்கிறார். அந்த உழைப்பைத் தந்தவர்களில் பெரும்பான்மையோர் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளால் மலையேற்றப்பட்ட பள்ளர், பறையர், அருந்ததியர் சமூகங்களின் வழித்தோன்றல்கள். இன்று அந்தக் காட்சி விற்கப்படுகிறது. ‘மலைக்காட்சி அறை’ என்று சொல்லி, மறுபக்கம் நோக்கிய அறையைவிடக் கூடுதல் வாடகை வாங்கும் விடுதிகள் மூணாற்றைச் சுற்றி நிறைந்துள்ளன. காட்சியை உருவாக்கியவர்களுக்கு அந்த விற்பனையில் பங்கில்லாமல் போனது எப்படி? அரசின் கவனக்குறைவு என்றோ, சுற்றுலா இன்னும் ‘கீழ்மட்டம் வரை சென்று சேரவில்லை’ என்றோ சொல்லப்படும் விடைகள் நமக்குப் போதுமானவை அல்ல. சுற்றுலாவும் தடையற்ற சந்தையும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும் முறையிலேயே இதற்கான விடை இருக்கிறது.

விடுப்பு எடுக்கும் உரிமை

நவீனச் சுற்றுலா முதலாளித்துவத்தோடு கூடப் பிறந்தது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லாஃப்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக ஏற்பாடான பயணம் அது. தொழிற்புரட்சி ரயிலைத் தந்தது. ஆலை நேரம் ‘வேலை நாள்’, ‘ஓய்வு நாள்’ என்ற பிரிவினையைத் தந்தது. இரண்டையும் இணைத்து ஒரு பண்டமாக்கி விற்கலாம் என்பதை குக் கண்டுகொண்டார்.

ஆயினும் உழைக்கும் மக்கள் பயணிகளானது முதலாளிகளின் தாராளத்தால் அன்று. 1936இல் பிரான்சில் மாபெரும் வேலைநிறுத்த அலையின் நடுவே மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சம்பள விடுப்பு குறித்த உடன்படிக்கையை ஏற்றது. ஊர்சுற்றிப் பார்ப்பது தொழிலாளி வென்றெடுத்த உரிமை. அந்த உரிமை பிறகு சந்தையின் கைக்குப் போனது. 1950இல் உலகெங்கும் இரண்டரைக் கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகள் 2019இல் 146 கோடியைத் தொட்டனர். உலக வணிக அமைப்பின் கீழ் 1995இல் நடைமுறைக்கு வந்த சேவை வணிக உடன்படிக்கை சுற்றுலாவையும் தனியொரு சேவைப் பிரிவாகப் பட்டியலிட்டது.

இந்தியாவின் தோட்டத் தொழிலாளிக்கும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விடுப்பு தந்தது: இருபது நாள் வேலைக்கு ஒரு நாள். அந்த நாட்களில் அவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் கயத்தாறுக்கோ சங்கரன்கோவிலுக்கோ, ஊர்க் கொடைக்கும் உறவினர் சாவுக்கும். பயணி என்ற சொல் அவர்களைக் குறிக்க ஒருபோதும் பயன்பட்டதில்லை.

பயணம் சாதிக்கு அப்பாற்பட்ட வெளி அல்ல என்பதை நமக்கு முதலில் எழுதிக்காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1934இல் வேருள் குகைகளைக் காணத் தம் தோழர்களுடன் புறப்பட்ட அவர், வழியில் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கச் சென்றார். புழுதி படிந்த முகங்களை வாயிலருகே இருந்த குளத்து நீரில் கழுவியதற்காகத் தாங்கள் சூழப்பட்டதையும், இனி எந்த நீரையும் தொடமாட்டோம் என்ற நிபந்தனையோடு ஆயுதமேந்திய காவலர் உடன்வர உள்ளே அனுமதிக்கப்பட்டதையும் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் அவர் பதிவுசெய்திருக்கிறார். அது அலுவல் பயணமன்று, போராட்டமும் அன்று. வெறும் சுற்றுலா. பணம் இருந்தால் எவரும் பயணிதான் என்று சந்தை சொல்லும்போதெல்லாம் அந்தக் குளத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலம் கைமாறிய கதை

மூணாற்றின் கதை ஒரு குத்தகையில் தொடங்குகிறது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். முதுவர் உள்ளிட்ட பழங்குடிகள் வாழ்ந்த மலை அது. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. பின்னர் அது ஃபின்லே குழுமத்தின் கைக்கு வந்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. 1964இல் டாடா–ஃபின்லே கூட்டு, 1983இல் டாடா டீ என்று உடைமையாளர் பெயர் மாறிக்கொண்டே வந்தது. உழைத்தவர்களின் வீடு மட்டும் மாறவில்லை. அதன் பெயர் லயம்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட சிறு அறைகள், முன்னே ஒரு குறுகிய வாசல். வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டும். வெளியேறாமல் இருக்க ஒரே வழி, மகளையோ மருமகளையோ அதே வேலைக்குள் அனுப்புவது. கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் குடியிருப்பு ஒரு விலங்காக நீடித்தது இப்படித்தான்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் நாடெங்கும் முற்போக்கின் முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. 1963ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு சேர்ந்து, குத்தகை விவசாயிகளை நிலவுடைமையாளர்களாக்கியது என்பது உண்மை. ஆனால் வயலில் இறங்கிச் சேறு மிதித்த தலித்துகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் குடிகிடப்பு உரிமை. ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட். தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. 1971இல் கண்ணன் தேவன் மலைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி அரசு நிலத்தை மீட்டபோதும், தேயிலைச் சாகுபடிக்கும் அதன் துணைத் தேவைகளுக்கும் என்று 57,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் நிறுவனத்திடமே விடப்பட்டது. லயத்தில் வாழ்ந்தவர்கள் குத்தகையாளர்களாகவும் கருதப்படவில்லை, உழுபவர்களாகவும் கருதப்படவில்லை.

அவர்களின் அடையாளத்துக்கும் இதே கதிதான். கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, 1950க்கு முன்பே தம் முன்னோர் அங்கே குடியேறிவிட்டதை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த மெய்ப்பு பல வேளைகளில் நிறுவனத்தின் பழைய பதிவேட்டில்தான் இருக்கும். சாதிக்கொடுமையை அனுபவிக்கச் சான்று தேவையில்லை. அதற்கான ஈட்டுரிமையைப் பெற மட்டும் நூற்றாண்டுப் பழைய தாள் வேண்டும்.

இலையிலிருந்து காட்சிக்கு

தொண்ணூறுகளில் தேயிலைச் சந்தை ஆட்டம் கண்டது. இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய கொள்முதலாளியாக இருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியது. 2001 ஏப்ரலில் இந்தியா இறக்குமதிகள் மீதான அளவுக் கட்டுப்பாடுகளை முற்றாக நீக்கியது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆசியான் தடையற்ற வணிக உடன்பாடு, தேயிலை மீதான இறக்குமதி வரியை 100 விழுக்காட்டிலிருந்து 2019க்குள் 45 விழுக்காடாகப் படிப்படியாகக் குறைக்க வகைசெய்தது. மூணாற்றில் கொழுந்து கிள்ளும் பெண் அவள் அறியாமலேயே வியட்நாமிலும் கென்யாவிலும் கொழுந்து கிள்ளும் பெண்களோடு போட்டியில் நிறுத்தப்பட்டாள். விலை சரியும்போதெல்லாம் நிர்வாகங்கள் சொன்ன காரணம் ஒன்றே: உலகச் சந்தை. பீருமேட்டில் தோட்டங்கள் கைவிடப்பட்டதும் இந்த நெருக்கடியில்தான்.

இதே காலத்தில் டாடா டீ செய்ததைக் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் அது பிரிட்டனின் டெட்லியை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஐந்தாண்டு கழித்து, 2005இல், மூணாற்றுத் தோட்டங்களின் பெரும்பகுதியைத் தொழிலாளர்கள் பங்குதாரர்களாக உள்ள புதிய நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தது. உலகச் சந்தையில் விற்கும் வணிகப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, மழையையும் விலைச்சரிவையும் கூலிப் பொறுப்பையும் சுமக்கும் சாகுபடியிலிருந்து விலகிக்கொள்வது என்பது முதலாளித்துவ நோக்கில் மிகக் கூர்மையான முடிவு. தொழிலாளிகள் முதலாளிகளாகிவிட்டார்கள் என்று அது கொண்டாடப்பட்டது. புதிய முதலாளிகள் வழக்கம்போல் மறுநாள் காலையிலும் பிரட்டுக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

இலையின் விலை சரிந்த அதே ஆண்டுகளில் மலையின் மதிப்பு ஏறியது. கேரள அரசு 1986இல் சுற்றுலாவைத் தொழில்துறையாக அறிவித்தது. ‘கடவுளின் சொந்த நாடு’ என்ற முழக்கம் 1989இல் வந்தது. 2023இல் மட்டும் அம்மாநிலத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 2.18 கோடி பேர். மூலதனம் இலையிலிருந்து காட்சியை நோக்கி ஏன் நகர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, புவியியலாளர் டேவிட் ஹார்வி விளக்கும் ஏகபோக வாடகை என்ற கருத்து நமக்கு உதவும். ஒரு கிலோ தேயிலையை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்யலாம். அதற்கு மாற்று உண்டு. ஆனால் லாக்ஹார்ட் கணவாயில் விடியற்காலை எழும் மூடுபனியை வியட்நாமிலிருந்து கப்பலேற்ற முடியாது. மாற்றில்லாத ஒன்றை உடைமையாகக் கொண்டவர் கேட்கும் வாடகையைப் பிறர் தந்தே ஆக வேண்டும். போட்டிதான் சந்தையின் உயிர் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நடப்பில், நிலமுள்ளவர்கள் போட்டியிலிருந்து தப்பி ஓடிவரும் புகலிடமாகவே சுற்றுலா இருக்கிறது. போட்டியின் சூடு முழுவதும் கூலிக்காரர்மேல் விழுகிறது. ஏகபோகத்தின் குளிர்ச்சி பட்டா வைத்திருப்பவரைச் சேருகிறது.

இதில் அரசு ஒதுங்கி நிற்கவில்லை. தோட்டம் என்பதற்காக உச்சவரம்பு விலக்குப் பெற்ற நிலத்தில் ஐந்து விழுக்காடு வரை விடுதிகள் உள்ளிட்ட பிற பயன்பாடுகளுக்குத் திருப்பிக்கொள்ள கேரளத்தின் சட்டத் திருத்தம் வழிதிறந்தது. மேற்கு வங்கம் 2019ஆம் ஆண்டின் தேயிலைச் சுற்றுலாக் கொள்கையில் 15 விழுக்காடு வரை, அதிகபட்சம் 150 ஏக்கர், என்று அனுமதித்தது. 2025இல் அதை 30 விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பு வந்தபோது தோட்டத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தேயிலைக்காக என்று சொல்லித்தான் இந்த நிலம் நிலமற்றோருக்குப் பகிரப்படாமல் காக்கப்பட்டது. தேயிலைக்குத் தேவையில்லை என்றானதும் அது உழைத்தவரிடம் வந்திருக்க வேண்டாமா? விடுதிக்குப் போகிறது.

சட்டத்துக்கு வெளியே நடந்தவை தனி. 2007இல் வி.எஸ். அச்சுதானந்தன் அரசு மூணாற்றின் ஆக்கிரமிப்பு விடுதிகளை இடிக்கச் சிறப்புக் குழுவொன்றை அனுப்பியது. இடிப்பு எந்திரங்கள் சில வாரங்களே ஓடின. ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்து முயற்சி முடங்கியது. தேவிகுளம் வட்டத்தில் 1999இல் முறைகேடாக வழங்கப்பட்ட 530 பட்டாக்களை ரத்துசெய்ய அரசு உத்தரவிடவே 2022 வரை ஆனது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று ஒப்படைக்கப்பட்ட நிலங்களில் எழும்பிய வணிகக் கட்டடங்களை முறைப்படுத்தும் திருத்தமோ 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2007 ஆகஸ்டில் பத்தனம்திட்டாவின் செங்கறையில், ஹாரிசன்ஸ் மலையாளம் நிறுவனத்தின் தோட்டத்துக்குள் நிலமற்ற தலித், ஆதிவாசிக் குடும்பங்கள் கூடாரமிட்டபோது அவர்களும் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்றே அழைக்கப்பட்டார்கள். ஒரே சொல்தான். இரண்டு தரப்பாரும் அதன் பொருட்டு அடைந்த நடத்தை வேறு.

வீடில்லாதவருக்கு எதற்கு வீட்டுத் தங்கல்

சுற்றுலா வேலை தருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. லயங்களின் இளைஞர்கள் பலர் இன்று ஜீப் ஓட்டுகிறார்கள், விடுதிகளில் துணி துவைக்கிறார்கள், சமையற்கட்டில் நிற்கிறார்கள், கழிப்பறை கழுவுகிறார்கள். கொழுந்துக் கூலியைவிடச் சில மாதங்களில் வருமானம் கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால் தோட்டத்தில் போராடிப் பெற்ற வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவமனை, சங்கம் ஆகியவற்றில் எத்தனை இந்தப் பருவகால வேலைகளில் உண்டு? வரவேற்பு மேசையில் நிற்கத் தேவைப்படும் மொழி, ‘தோற்றம்’, பழக்கவழக்கம் என்பவற்றின் உள்ளே சாதி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பீருமேட்டுத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ், தேயிலை நெருக்கடி தலித் வாழ்வைக் குலைத்த விதம் குறித்து 2022இல் நூலொன்று வெளியிட்டார். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களை சாதி இழிவு விட்டுவிடவில்லை, புதிய வேலையிடங்களில் மீண்டும் எதிர்கொண்டது என்பதை அது காட்டுகிறது.

கேரள அரசின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் உள்ளூர் மக்களே பயன்பெற வேண்டும் என்று சொல்கிறது. நல்ல நோக்கந்தான். அதன் முதன்மையான வழிகளில் ஒன்று, வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீட்டுத் தங்கல் முறை. அதற்கு முதலில் சொந்த வீடு வேண்டும். நான்கைந்து தலைமுறையாக நிறுவனத்தின் லயத்தில், தம் பெயரில் ஓர் அடி மண்ணுமின்றி வாழும் குடும்பம் எந்த அறையை வாடகைக்கு விடும்? நிலமிருப்பவரிடையே மட்டும் பகிரப்படும் வருமானத்துக்கு நாம் உள்ளூர் வளர்ச்சி என்று பெயரிடுகிறோம். 1963இல் பூட்டப்பட்ட கதவு அறுபதாண்டு கழித்து வேறொரு திட்டத்தின் வாசலிலும் அப்படியே பூட்டியிருக்கிறது.

காட்சியில் தொழிலாளிக்கு ஓர் இடம் உண்டு. படத்தில் இருக்கும் இடம். பச்சைப் பின்னணியில் கூடை சுமந்து சிரிக்கும் பெண் இல்லாத தேயிலைச் சுற்றுலா விளம்பரம் அரிது. தார்ஜிலிங்கில் கொழுந்து பறிப்பவரின் உடையை வாடகைக்கு அணிந்து பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் கழற்றிவிடக்கூடிய உடை. மூணாற்றில் 2005இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற காட்சிப்பொருட்கள் 1905ஆம் ஆண்டின் தேயிலை உருட்டு எந்திரமும், 1913ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரமும், கன்னிமலைத் தோட்டத்தின் பெல்டன் சக்கரமும், துரைமார் குளித்த மரத்தொட்டியும். நினைவுகூரத் தக்கதாக எதை ஒரு தொழில் தேர்ந்தெடுக்கிறது என்பதை அந்த மரத்தொட்டி சொல்லிவிடுகிறது.

படத்தில் சிரித்த பெண்கள் 2015 செப்டம்பரில் சாலைக்கு வந்தார்கள். அப்போது நாட்கூலி 232 ரூபாய். ஆதாய ஊக்கத்தொகையை நிர்வாகம் 10 விழுக்காடாகக் குறைத்ததை எதிர்த்து, 20 விழுக்காடு வேண்டுமென்றும் நாட்கூலியை 500 ரூபாயாக்க வேண்டுமென்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு நகரில் அமர்ந்தார்கள். ஆண்கள் தலைமையேற்றிருந்த பெரிய தொழிற்சங்கங்களை அவர்கள் அருகே விடவில்லை. சங்கத் தலைவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், அவர்கள் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். பொம்பிளை ஒற்றுமை என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தை நாம் பாடமாகவே கொள்ள வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் வாயிலைவிட, பயணிகள் வாகனங்கள் கடந்தாக வேண்டிய கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையே மூலதனத்தின் நரம்பு என்று அவர்கள் கண்டிருந்தார்கள். கொழுந்து நின்றால் கிடங்கில் இருப்பதை விற்கலாம். காட்சிக்குப் போகும் வழி அடைபட்டால் ஒட்டுமொத்த நகரமும் நிற்கும். ஒன்பது நாளுக்குள் 20 விழுக்காடு வந்தது. கூலிக் கோரிக்கையோ அக்டோபர் வரை இழுக்கப்பட்டு, 301 ரூபாயில் முடிக்கப்பட்டது.

பெட்டிமுடி

மூணாற்றிலிருந்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகும் பயணிகள் ராஜமலையில் வரையாடுகளைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தூங்கிக்கொண்டிருந்த லயங்களின்மேல் மலை சரிந்தது. 70 பேர் இறந்தார்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறும் அதன் சுற்றூர்களும். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்திருந்ததால் செய்தி வெளியே வந்தபோது விடிந்துவிட்டது. 2018 வெள்ளத்தில் சேதமடைந்த பெரியவாறைப் பாலத்துக்கு மாற்றாகப் போடப்பட்டிருந்த தற்காலிகப் பாலத்தையும் மழை அடித்துச் சென்றிருந்ததால் மீட்பு வண்டிகள் தாமதித்தன. நான்கு பேரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

மறுநாள் மாலை கோழிக்கோட்டில் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானது. அதில் இறந்தோரின் குடும்பங்களுக்கு மாநில அரசு பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்டது ஐந்து லட்சம். முதலமைச்சர் மறுநாளே கோழிக்கோட்டுக்குச் சென்றார். மூணாற்றுக்கு வர ஒரு வாரம் ஆனது. விமானத்தில் இறந்தவர்களின் துயரம் சிறிது என்று நாம் சொல்லவில்லை. ஒரே வாரத்தில், ஒரே அரசு, இரு வகை உயிர்களுக்கு இரு விலைகளை எழுதியது என்பதையே பதிவுசெய்கிறோம்.

போடிமெட்டு–மூணாறு சாலையின் ஏறத்தாழ 42 கிலோமீட்டரைப் பயணிகளுக்காக அகலப்படுத்த மலை குடையப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான். அந்த வேலையின்போது கணவாய்ச் சாலையில் திரும்பத் திரும்ப மண் சரிந்தது. 2024 ஜனவரியில் அது திறந்துவைக்கப்பட்டு, நாட்டின் அழகான மலைச்சாலைகளுள் ஒன்றாக விளம்பரமாயிற்று. காட்சிக்குச் செல்லும் சாலைக்குக் கிடைத்த அவசரம் லயத்துக்குச் செல்லும் பாலத்துக்குக் கிடைக்கவில்லை. தடையற்ற சந்தை என்கிறோம். எங்கே சாலை போட வேண்டும், எந்தக் குன்றில் கட்டடம் எழலாம், எவருடைய வீட்டுக்கு மேலே பாறை நிற்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை என்பன எல்லாம் அரசின் கையெழுத்தால் முடிவாகின்றன. 1951ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட முதலாளிமேல் சுமத்தியிருந்த குடியிருப்பு, மருத்துவப் பொறுப்புகளும் 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் இப்போது கரைக்கப்பட்டுவிட்டன.

சுற்றுலாவை மூடிவிடக் கோருவதில் நமக்கு உடன்பாடில்லை. அது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் கொஞ்ச வருமானத்தையும் பறிக்கும். சூழல் பாதுகாப்பின் பெயரால் முதலில் வெளியேற்றப்படுவது எப்போதும் விடுதிக்காரர் அல்லர் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். நம் கோரிக்கை வேறு இடத்தில் தொடங்குகிறது. தேயிலைக்குத் தேவையில்லை என்று விடுதிக்குத் திருப்பப்படும் ஒவ்வொரு ஏக்கருக்கும் முதல் உரிமையாளர் அங்கே உழைத்த குடும்பம் என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும். ஓய்வுபெறும் தொழிலாளி லயத்தைக் காலிசெய்யும் நாளில் அவர் பெயரில், சரிவற்ற நிலத்தில், ஒரு வீடு நிற்க வேண்டும். பூங்காவின் நுழைவுக் கட்டணத்திலும் தோட்டத்தைக் காட்டிப் பெறும் வருவாயிலும் அந்தக் காட்சியைப் பராமரிப்பவருக்கு ஒரு பங்கு கூலியோடு சேர்ந்து வர வேண்டும். இவை எவையும் புதிய கோரிக்கைகள் அல்ல. நிலத்தைப் பற்றிய நம் பழைய கோரிக்கையின் தொடர்ச்சியே.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2018க்கு அடுத்து 2030இல் இரவிகுளத்துச் சரிவுகள் நீலமாகும். அதைக் காண வரும் வாகனங்கள் ராஜமலையில் வரிசைகட்டும். பெட்டிமுடியில் இறந்தவர்கள் புதைக்கப்பட்ட இடமும் அந்த ராஜமலையில்தான் இருக்கிறது.